வெட்டாத கிணறு

அன்புள்ள ஞானம்,

பேனாவை எடுத்ததும், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஒரு குருவானவருக்கு வாழ்க்கைப்பட்டு, ஊர் வாயில் ஐயரம்மாவாகவே இத்தனை வருஷம் இருந்துவிட்ட பழக்கம். யார் கேட்டாலும் சுகம், எப்போது கேட்டாலும் சுகம். இந்தக் கடிதத்தில் அப்படி எழுதப் போவதில்லை. உன் அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி ராஜபாளையத்தில் நல்ல மழை. உன் கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்து முடித்துவிட்டேன். வீட்டுக்காரம்மா தன் பங்குக்கு இரண்டு ஜாடி ஆவக்காய் போட்டு, யாரும் தொடக்கூடாது என்று துணி கட்டி வைத்திருக்கிறாள்.

சாப்பாடு இறங்காததற்குக் காரணம் நீ போன வாரம் எழுதிய கடிதம். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருவார்கள் என்றெல்லாம் நாலு பக்கம் எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி நெருக்கி, இப்படி எழுதியிருந்தாய்: "பள்ளிக்கூட வேலையை விட்டுவிடப் போகிறேன், அம்மா. அவர் ஊர் ஊராகச் சபைகளைப் பார்க்கப் போகிறவர். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எனக்கும் இந்த வேலையில் இப்போது அவ்வளவு விருப்பம் இல்லை." அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அது உன் கையெழுத்துதான். ஆனால் அந்தக் குரலை நான் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது.

சனிக்கிழமைதான் வருகிறாயே, நேரில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். நேரில் ஆரம்பித்தால், "விடுங்கம்மா, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று நீ சொல்வாய். நானும் அதற்காகவே காத்திருந்தவள்போல விட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்து நீ உன் வீட்டுக்குப் போனபிறகு எழுதலாமென்றால், அது இன்னும் மோசம். தூரத்தில் இருந்துகொண்டு ஒரு பெண் தன் தாயிடம் கோபப்பட முடியாது. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு உள்ளுக்குள் வைத்துக்கொள்ளத்தான் முடியும். நீ கோபப்பட வேண்டியதை என் வீட்டில், என் முகத்துக்கு நேரே கோபப்பட வேண்டும். அதற்காகத்தான் இதை இப்போதே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது உனக்கு ஏழு வயது இருக்கும். சோழபுரத்துக்குப் பக்கத்தில் நம் கிராமத்தில் இருந்தோம். கோயிலை ஒட்டிக் குருவானவர் வீடு, பின்னால் கண்மாய், சுற்றிலும் ஏழு ஊர்ச் சபைகள். உன் அப்பா எல்லாவற்றுக்கும் சைக்கிளில்தான் போய்வருவார். ஒரு நாள் சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, எதிரே வந்த வைக்கோல் வண்டியில் போய் மோதினார். வண்டிக்காரர் பதறிப்போய், "என்ன ஐயரே, இம்மாம் பெரிய வண்டி தெரியலையா?" என்று கேட்டதை, வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முன்பே அவர் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவதையும், பக்கவாட்டில் யாராவது வந்து நின்றால் தெரியாமல் இருப்பதையும் நான் கவனித்திருந்தேன். மதுரைக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, கண்ணாடியும் உதவாது, கத்தியும் உதவாது, மூன்று நாலு வருஷத்தில் முழுக்கப் போய்விடும் என்றார் அவர்.

திரும்பி வரும்போது ரயிலில் உன் அப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திருத்தங்கல் தாண்டியதும், "சேர்மனுக்கு எழுதிருதேன். மறைக்கப்பிடாது" என்றார். நான்தான் தடுத்தேன். "இந்த ஒரு வருசம் மட்டும் பொறுங்க. பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன். குருவானவர்களுக்கெல்லாம் மேலதிகாரி அவர், எழுதினால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார், இருக்கிற வீடு போய்விடும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். அது உண்மையான காரணம்தான். ஆனால் அவரிடம் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. கண் தெரியாத ஐயருக்குப் பெண்டாட்டி என்று ஊர்ப்பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்களே, அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அந்த ஒரு வருஷத்தை நான் ஐந்து வருஷமாக இழுத்தேன்.

காலை ஜெபம், மாலை ஜெபம், திருவிருந்து ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாமே அவருக்கு மனப்பாடம். வாரா வாரம் மாறுகிற வேதபாடம்தான் தொல்லை. கண்ணில் கொஞ்சம் பார்வை இருந்தவரை பெரிய எழுத்து வேதாகமத்தை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு சமாளித்தார். அதுவும் முடியாமல் போனபோது உனக்கு ஒன்பது வயது. நான் காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வேண்டும். போகிற வீட்டுக்கெல்லாம் ஐயரம்மா கூடவே போனால் ஊர் என்ன ஏது என்று கேட்கும். தகப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு போகிற சின்னப் பெண்ணை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டது நான். "அப்பாவுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு. நீ கூட இருந்துக்கோ. வெளியே மூச்சு விடக்கூடாது" என்று உன்னிடம் சொன்னதும் நான்தான்.

நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய், ஞானம்! விடியற்காலையில் அப்பாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வாரத்து அதிகாரத்தை ஒவ்வொரு வசனமாக வாசிப்பாய். அவர் திருப்பிச் சொல்வார். எங்கே பக்கம் புரட்ட வேண்டும் என்றுகூட அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேதாகமத்தைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நீ பாயிலிருந்து எழுந்து, ஏதோ அடையாள நாடாவைச் சரிசெய்யப் போகிறவள்போல மெதுவாகப் போய், புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே வந்து உட்கார்ந்தாய். உன் அப்பா ஒரு சொல் தடுமாறாமல் வாசித்துக்கொண்டே போனார். மத்தியானம் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட முடியாமல் சிரித்தோம். எவ்வளவு சமர்த்து என்று உன்னைத் தட்டிக் கொடுத்தேன். ஒரு குழந்தை இப்படிப் பழகுகிறதே என்று அன்றைக்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பத்து வயதில் நீ ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பரீட்சை எழுதக் கூட்டிக்கொண்டு போனேன். நீ முதல்முதலாக ரயிலைப் பார்த்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாய். தலைமையாசிரியம்மா அதை எழுந்து நின்றுகொண்டே வாசித்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. வருகிற வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய்: தகரப்பெட்டி, இரண்டு பாவாடை, ஒரு போர்வை, பெயர் தைத்த துண்டு. எனக்கு அந்த வழியெல்லாம் ஒரே நினைப்பு. இவள் போய்விட்டால் அவருக்கு யார் வாசிப்பார்கள்?

இனி எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு, மகளுக்கு உடம்பு சரியில்லை, இந்த வருஷம் அனுப்ப முடியாது என்று எழுதினேன். உன்னிடம், "இடமெல்லாம் நிறைஞ்சுபோச்சாம்" என்றேன். உன் அப்பாவிடம், "அவளுக்கே போக மனசில்லை. உங்கள விட்டுட்டு இருக்க மாட்டாளாம்" என்றேன். அவர் அதைக் கேட்டு உன்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் ஏன் தடவுகிறார் என்று தெரியாமல் நீ என்னைப் பார்த்தாய். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன். அடுத்த வருஷமும் அதையே செய்தேன். இரண்டாம் தடவை பொய் எழுதுவது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது வருஷம் கோடையில், ஒரு நாள் மத்தியானம், உன் அப்பா பெயருக்கு அந்தத் தலைமையாசிரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் கோயிலில் திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தபோது, உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நீ கடிதத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். நான் அங்கே நின்றது உனக்குத் தெரியாது. நீ கடிதத்தை முதலில் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்தாய். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். "என்ன பாப்பா, கையெழுத்து புரியலையா?" என்று அப்பா கேட்டார். "புரியுதுப்பா" என்று சொல்லிவிட்டு நீ வாசித்தாய்:

"கனம் ஐயரவர்களுக்கு. இங்கே சகலரும் சுகம். இந்த வருஷம் மழை இல்லாததினால் விடுதியில் தண்ணீர்க் கஷ்டம். ஆகையால் புதிதாக ஒரு கிணறு வெட்டுகிறோம். அதற்காகத் தங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்."

"எம்புட்டு ஆழம் போயிருக்காம்?" என்று கேட்டார் உன் அப்பா.

நீ மறுபடியும் கடிதத்தைப் பார்த்தாய். பிறகு, "இருவத்திரெண்டு அடிப்பா. இன்னும் தண்ணி வரலையாம்" என்றாய்.

"வரும், வரும். ஜெபிப்போம்" என்றார் அவர்.

நான் வெளியே போய், அப்போதுதான் வருகிறவள்போலச் செருப்புச் சத்தம் கேட்க மறுபடியும் உள்ளே வந்தேன். நீ கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டி, "அப்பாவுக்கு வந்துச்சு. வாசிச்சுச் சொல்லிட்டேன்" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. புழக்கடைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். தங்கள் மகளுக்கு உடம்பு தேறவில்லை என்று தங்கள் மனைவியார் இரண்டு தரம் எழுதினார்கள், ஆனால் பிள்ளை நல்ல சுகமாக ஓடியாடுகிறாள் என்று கேள்விப்படுகிறேன், அவளுக்காக இந்த வருஷமும் ஓர் இடம் வைத்திருக்கிறேன், அவள் எழுதிய கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது, ஜூன் மாதம் அனுப்பாவிட்டால் இனி வைத்திருக்க முடியாது என்று எழுதியிருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

நான் உன்னிடம் இடமில்லை என்று சொன்னது பொய் என்று அந்த நிமிஷத்தில் உனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வருஷம் உன்னைப் பிடித்து வைத்தவள் உன் தாய்தான் என்று தெரிந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொண்ட அதே மூச்சில், அப்பா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று ஒரு கிணற்றை வெட்டினாயே! அதற்கு ஆழமும் சொன்னாயே! அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் உன் அப்பா அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊற வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். நீ ஆமென் சொன்னாய். நானும் ஆமென் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படியொரு வெட்கத்தை நான் அறிந்ததில்லை.

நாலாம் நாள், பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்துக்கு நானும் அப்பாவும் கண்மாய்க் கரை வழியாக நடந்து போனோம். வெயிலுக்காக என்பதுபோல ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு போவோமே, அதில் நான் எப்படித் திரும்புகிறேனோ அப்படி அவரும் திரும்புவார். பாதிக் கரையில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று பொய்யையும் சொன்னேன், உச்சுக்கொட்டலுக்குப் பயந்ததையும் சொன்னேன். அவர் குடைக்காம்பை விட்டுவிட்டார். வெயிலில் தனியாக நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"எனக்குக் கண்ணு போனதுக்கு அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?" என்றார்.

நான் அழுதுகொண்டு நின்றேன். அவரே மறுபடியும் பேசினார். "கிணறுன்னு ஒண்ணு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தினமும் அவ வாசிப்பைக் கேக்குதவன் நான். அவ எங்க மூச்சு வாங்குவான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஜெபம் பண்ணினீங்க?"

"பொய் சொல்லுத அளவுக்குப் பிள்ளை எதையோ சுமக்கான்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. யார்ட்ட கேக்கன்னும் தெரியல. அதான் கிணத்துமேல வச்சு ஜெபிச்சேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ, வயல் வேலைக்குப் போகிற நம் பாக்கியத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாய். விசுவாசப் பிரமாணம் முடிந்ததும் உன் அப்பா பிரசங்க மேடைக்குப் போகாமல், பீடத்துப் படியிலேயே நின்றுகொண்டு பேசினார். "எனக்குக் கண் தெரியாது. ரொம்ப நாளாகத் தெரியாது. உங்களிடம் சொல்லாமல் மறைத்தது தப்பு. தெரிகிறவனைப்போல உங்கள் முன்னால் பக்கம் புரட்டியதும் தப்பு. என் மகள் எனக்குக் கண்ணாக இருந்தாள். அவள் படிக்கப் போக வேண்டும். அவள் கண் இனி அவளுக்கு வேண்டும்" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை. அத்தனையையும் தன்மேல் போட்டுக்கொண்டார். நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

பாக்கியம்தான், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எங்களுக்குத் தெரியும் ஐயரே" என்றாள். மணி அடிக்கிற வேதமுத்து பின்னாலிருந்து, "ரெண்டு வருசமாத் தெரியும். நீங்க சொல்லாம நாங்க எப்படிப் பேசுதது?" என்றார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. திருவிருந்துக்கு முழங்காலிடுகிறவர்கள் எல்லாரும், "பாக்கியம் வந்திருக்கேன் ஐயரே", "நான் மாசிலாமணி" என்று மெல்லத் தங்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கிண்ணத்தின் அடியைத் தாங்களே கைகொடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்கள். புதுப் பக்தி என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். கோயில் பாதையில் கிடந்த கல்லையும் மாடு கட்டுகிற கட்டையையும் யாரோ அப்புறப்படுத்தியிருந்தார்கள். நாம் மூன்று பேரும் ஊரிடமிருந்து மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, ஊரே சேர்ந்து நமக்குத் தெரியாமல் நம்மைத் தாங்கிக்கொண்டிருந்தது. உன் அப்பா படியிலேயே உட்கார்ந்து அழுதார். நீ ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாய்.

அதற்குப் பிறகு நான் பயந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. சேர்மன் வந்தார். நல்லவர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். புதுக் குருவானவர் வரும்வரை இருக்கச் சொன்னார்கள், வந்ததும் வீட்டைக் காலி செய்தோம். நம் சாமான்களை ஊர் வண்டிகள்தான் ராஜபாளையம் வரை கொண்டுவந்து இறக்கின. இந்த வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா, "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, அப்பா கால் தடுக்காமல் இருக்க வாசற்படியைத் தன் கையாலேயே அவருக்குத் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. சில பெண்கள் உச்சுக்கொட்டத்தான் செய்தார்கள். கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன். ஐந்து வருஷமாக எதற்குப் பயந்தேனோ, அது வந்தபோது ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று.

நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாய். உன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாய். உன் முதல் கடிதம் வந்தபோது அதை அப்பாவுக்கு வாசிக்க வேண்டியவள் நானானேன். "எல்லாரும் என்னைப் பெரியக்கா என்று கேலி செய்கிறார்கள். சாயங்காலமானால் அழுகை வருகிறது" என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரியைத் தாண்டிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. தாண்டவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மறுநாளே உன்னைப் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். நீ பள்ளிக்கூட வாசலில் அப்பாவைக் கண்டு ஓடிவந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அப்பா திடீரென்று மனசு வந்து உன்னைப் படிக்க அனுப்பினார் என்றுதான் ஊர் நினைத்தது. நீயும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய். அந்தக் கடிதத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தால் எனக்குக் கால் பிடித்துவிடுவாய், பாத்திரம் துலக்குவாய், என்னிடம் எப்போதும் சிரித்த முகமாகவே இருப்பாய். ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வாரம் உன் கடிதத்தை வழக்கம்போல அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணச் செய்தியெல்லாம் கேட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓரத்தில் இருந்ததை வாசித்ததும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். "அந்த வரியை இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். "இது கிணறு வெட்டுத பேச்சு" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது, ஞானம்.

உன் வேலையில் உனக்கு விருப்பம் இல்லையா? போன மாதம் வந்திருந்தபோது, கணக்கு வராத ஒரு பிள்ளைக்குப் புளியங்கொட்டையை வைத்துக் கழித்தல் சொல்லிக் கொடுத்த கதையைச் சாப்பிட மறந்து சொன்னவள் நீதானே? மாப்பிள்ளை வேலையை விடச் சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய். அவர் சொல்லவில்லை; அவருக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று நீயே முந்திக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அவருடைய சபை சுந்தரபாண்டியம் பக்கம்தான், உன் பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இல்லை. விடாதே என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் படிப்பில் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டவள் நான். விடுவதென்று முடிவு செய்தால், "எனக்கு இதில் ரொம்ப ஆசை, ஆனாலும் விடுகிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு விடு. கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார். உன் மனசு இன்னது என்று தெரியாமலே அவரையும் உன்னோடு வாழ வைக்காதே. உன் அப்பா நல்லவர் என்று ஏழு ஊரும் சொல்லும். அந்த நல்லவருக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியாமல் இரண்டு வருஷம் போயிற்று. எங்கள் அன்பு அப்படிப்பட்டதாக இருந்தது.

நீயும் ஐயரம்மா ஆகப்போகிறாய். குருவானவர் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் கஷ்டத்தைக் கொண்டுவருவார்கள், நமக்கு ஒரு கஷ்டமும் இருக்கக்கூடாது என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். அப்படித் தோன்றுகிற அன்றைக்கு யாரிடமாவது போய் உட்கார்ந்து உன் பாடுகளைச் சொல். பாக்கியத்தைப்போல ஒருத்தி எந்தச் சபையிலும் இருப்பாள். சாப்பிட நேரமானால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடு. உடம்புக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். உனக்குப் பிள்ளை பிறந்தால், அது எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், பெரியவர்களுடைய ரகசியத்தை அதன் தலையில் வைக்காதே.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பா கண்ணுக்காகச் செய்தேன் என்று இனியும் சொல்லமாட்டேன். எனக்காகச் செய்தேன். உன் இடத்தை உன்னிடமிருந்து மறைத்தேன், பொய் சொன்னேன், நீ எனக்காகப் பொய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன். உடனே மன்னிக்க வேண்டாம். நீ எப்போதும் எல்லாவற்றையும் உடனே செய்துவிடுகிறவள். இதை மெதுவாகச் செய்.

இதை முழுக்க உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். "நல்லா எழுதியிருக்க. தபால் போயிரும், எந்திரி" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை நீ வருகிற ரயிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவோம். நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாலும் இறங்கு. வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாலும் நட. உன் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

உன் அம்மா